முதல் போட்டவரும் சரக்குச் செய்தவரும் – ஒரு அமெரிக்க வழக்கு



வீடியோ கேம் என்றால் பிள்ளைகளின் பொழுதைக் கெடுக்கும் சாமான் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். நம் உறுப்பினர்களில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அதில் வரவும் இல்லை, பற்றும் இல்லை. ஆனால் அந்தத் தொழிலில் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கின் விவரங்களைத் தேடிப் படித்தபோது, மண்டியிலும் மசாலா கம்பெனியிலும் நாம் அன்றாடம் காணும் தகராறுதான் அங்கேயும் என்று தெரிந்தது. ஒருவர் முதல் போடுகிறார். இன்னொருவர் சரக்குச் செய்கிறார். மார்க்கா ஊர் அறியாத காலத்தில் இருவருக்கும் சண்டை போட நேரமே இருப்பதில்லை. மார்க்கா கொடிகட்டிப் பறக்க ஆரம்பித்த பிறகுதான் இது யாருடையது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு அங்கே நூறு கோடி டாலர் கணக்கில் வழக்கு நடந்தது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

முதலில் தொழிலின் அமைப்பைச் சொல்லிவிடுவோம். பதிப்பாளர் என்று ஒருவர் உண்டு. பெயர் புத்தகத் தொழிலில் இருந்து வந்தது; வேலை பெரும்பாலும் நம்மைப் போன்ற மொத்த வியாபாரியினுடையது. பணம் போடுவார், பெட்டி அடிப்பார், விளம்பரம் செய்வார், கடைகளில் சரக்கை இறக்குவார். மற்றவர் ஸ்டூடியோ. அங்கே சித்திரக்காரர், கணிப்பொறி எழுதுகிறவர், இசை சேர்ப்பவர் என்று ஐம்பது பேரோ நூறு பேரோ இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செய்வார்கள். அந்த இரண்டு வருடச் சம்பளத்துக்குப் பதிப்பாளர் தவணை தவணையாக முன்பணம் கொடுப்பார். வேலை இன்ன கட்டத்துக்கு வந்தால் இவ்வளவு என்று பேச்சு. கட்டடம் கட்டுகிறவர்கள் பில் வாங்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த முன்பணம் எப்படிக் கழிகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உதாரணத்துக்கு நாமே சில எண்களைப் போட்டுப் பார்ப்போம். முன்பணம் ஒரு கோடி டாலர். நிகர வரவில் நூற்றுக்கு இருபது ஸ்டூடியோவுக்கு ராயல்டி என்று ஒப்பந்தம். முன்பணம் கழிவது மொத்த வரவில் அல்ல, ஸ்டூடியோவின் இருபது பங்கில். ஆகவே ஐந்து கோடி டாலர் வரவு வந்தால்தான் ஸ்டூடியோவின் பற்று நேராகும். அதற்குள் பதிப்பாளரின் கையில் நான்கு கோடி ஏறியிருக்கும். விளம்பரமும் பெட்டிச் செலவும் அதில் போகவேண்டும் என்பது உண்மை. இருந்தாலும் ஆறாவது கோடியில்தான் சரக்குச் செய்தவர் முதல் காசைப் பார்க்கிறார். நான்கு கோடியோடு விற்பனை நின்றுவிட்டால் அவருக்கு ராயல்டி என்பது காகிதத்தில் மட்டும்தான். ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: விளையாட்டு அடியோடு விழுந்தால் போட்ட பணம் போவது பதிப்பாளருக்கு. ஆபத்தைச் சுமப்பவர் கூடுதல் பங்கு கேட்பதில் தவறில்லை என்பதே நம் கட்சி. எவ்வளவு கூடுதல், எவ்வளவு நாளைக்கு என்பதில்தான் வழக்கே.

இனி ஆக்டிவிஷன் என்ற கம்பெனியின் பிறப்பைச் சொல்லவேண்டும். பின்னால் வரப்போகும் சண்டையில் முதலாளி ஸ்தானத்தில் நிற்கப் போவது இந்தக் கம்பெனிதான்.

1970களின் கடைசியில் அமெரிக்காவில் வீடியோ கேம் என்றால் அடாரி. டி.வி.யில் மாட்டும் பெட்டியும் அதில் செருகும் கேட்ரிட்ஜும் அவர்களுடையவை. எந்தக் கேட்ரிட்ஜ் எவ்வளவு விற்றது என்று விற்பனைப் பிரிவு ஒரு சுற்றறிக்கை விட்டது. விற்பதைப் போலச் செய்யுங்கள் என்பது நோக்கம். அதை நான்கு பேர் வேறு விதமாகப் படித்தார்கள். டேவிட் கிரேன், லாரி கேப்ளன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்று பெயர். அவர்களுள் கிரேன் பின்னாளில் சொன்ன கணக்குப்படி, ஏறத்தாழ பத்துக் கோடி டாலர் கேட்ரிட்ஜ் விற்பனையில் ஆறு கோடி இந்த நால்வர் செய்த விளையாட்டுகளால் வந்தது. அவர்கள் ஒவ்வொருவரின் ஆண்டுச் சம்பளம் முப்பதாயிரம் டாலரைத் தாண்டாது. பெட்டியில் பெயரும் கிடையாது.

நால்வரும் அடாரியின் தலைவர் ரே கசாரிடம் போனார்கள். அவர் துணி ஆலைத் தொழிலில் இருந்து வந்தவர். பங்கும் பெயரும் கேட்டார்கள். கேட்ரிட்ஜைப் பூட்டிப் பெட்டியில் வைக்கும் தொழிலாளியைவிட நீங்கள் முக்கியம் இல்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக அவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். (அதே அடாரியில் வாரன் ராபினெட் என்பவர் தம் பெயரைத் தாம் செய்த ‘அட்வென்ச்சர்’ விளையாட்டுக்குள்ளேயே ஓர் அறையில் ஒளித்து வைத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் கம்பெனிக்கே தெரிந்தது. பெயருக்கு மனிதன் எவ்வளவு ஏங்குகிறான் பாருங்கள்!)

நால்வரும் வெளியேறினார்கள். இசைத் தட்டுத் தொழிலில் அனுபவம் உள்ள ஜிம் லெவி என்பவரைத் தலைவராகக் கொண்டு 1979 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிறந்தது. ஒருவர் செய்த பெட்டிக்கு இன்னொருவர் விளையாட்டு விற்பது அதுவரை நடவாத காரியம். அடாரி வழக்குப் போட்டது. 1982இல் சமரசமாகி, ஆக்டிவிஷன் அடாரிக்கு ராயல்டி கட்டிக்கொண்டு தொழில் செய்யலாம் என்று முடிந்தது. அதே ஆண்டு கிரேன் செய்த ‘பிட்ஃபால்’ நாற்பது லட்சம் பிரதிகள் விற்றது. ஒவ்வொரு விளையாட்டின் கையேட்டிலும் செய்தவரின் பெயரும் படமும் அச்சிட்டார்கள். சரக்குச் செய்தவனுக்கு மரியாதை என்பதே அந்தக் கம்பெனியின் மூலதனமாக இருந்தது. பின்னால் நிர்வாகம் கை மாறியது, நஷ்டம் வந்தது, திவால் வரை போய்த் திரும்பி வந்தது. 1990களில் பாபி கோட்டிக் என்பவரின் தலைமையில் பதிப்புத் தொழிலில் பெரிய கையாக வளர்ந்தது.

கால் ஆஃப் டூட்டி

2002இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் ஒரு ஸ்டூடியோ, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பதிப்பாளருக்காக ‘மெடல் ஆஃப் ஹானர்’ வரிசையில் ஓர் உலகப்போர் விளையாட்டைச் செய்து கொடுத்து நல்ல பெயர் வாங்கியது. அதில் வேலை செய்த ஜேசன் வெஸ்ட், வின்ஸ் ஜாம்பெல்லா, கிராண்ட் காலியர் ஆகியோர் சுமார் இருபது பேருடன் பிரிந்து இன்பினிட்டி வார்ட் என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். ஆக்டிவிஷன் பணம் கொடுத்து நூற்றுக்கு முப்பது பங்கு எடுத்துக்கொண்டது. 2003இல் ‘கால் ஆஃப் டூட்டி’ வந்தது, பிய்த்துக்கொண்டு போயிற்று. உடனே மீதிப் பங்கையும் ஆக்டிவிஷன் வாங்கிவிட்டது. அன்றிலிருந்து ஸ்டூடியோ ஆக்டிவிஷனின் சொத்து, மார்க்காவும் ஆக்டிவிஷனின் சொத்து. வெஸ்டும் ஜாம்பெல்லாவும் தாங்கள் தொடங்கிய கடையிலேயே சம்பளக்காரர்கள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் புதுச் சரக்கு இறக்குவது போல ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு கால் ஆஃப் டூட்டி வேண்டும் என்று ஆக்டிவிஷன் நினைத்தது. ஒரே ஸ்டூடியோவால் அது ஆகாது. எனவே டிரேயார்க் என்ற தன் இன்னொரு ஸ்டூடியோவுக்கும் அதே மார்க்காவைக் கொடுத்து, இவர்கள் ஒரு வருடம் அவர்கள் ஒரு வருடம் என்று ஆக்கியது. இது இன்பினிட்டி வார்ட்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. தாங்கள் கட்டிய பெயரில் வேறு கை செய்த சரக்கு போவதை யார்தான் விரும்புவார்கள்? 2007இல் அவர்கள் உலகப்போரை விட்டு இன்றைய போருக்கு வந்து ‘மாடர்ன் வார்ஃபேர்’ செய்தார்கள். அது முன்னதை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டது.

அடுத்த பாகத்தையும் இவர்களிடமே செய்வித்துக்கொள்ள வேண்டிய நிலை ஆக்டிவிஷனுக்கு. 2008 மார்ச்சில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதினார்கள். மாடர்ன் வார்ஃபேர் என்ற பெயரிலும், வியட்நாம் போருக்குப் பிந்தைய காலத்தில் நடப்பதாகவும் எந்தக் கால் ஆஃப் டூட்டியையும் வெஸ்ட், ஜாம்பெல்லா சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. கூடவே பெரிய போனஸ். சம்பளக்காரருக்கு இப்படி ஓர் அதிகாரம் கொடுத்தது அந்தத் தொழிலில் அபூர்வம். ஆனால் அதே காகிதத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது. கம்பெனி அவர்களை வேலையை விட்டு நீக்கினால் அந்த அதிகாரமும் போய்விடும், கொடுபடாத போனஸும் போய்விடும்!

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். சாவியை ஒருவர் கையில் கொடுத்து, பூட்டை மாற்றும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது போன்ற காகிதம் இது. கையெழுத்துப் போடும்போது இருவரும் சிரித்துக்கொண்டுதான் போட்டிருப்பார்கள். பிரியும் நாளில் என்ன கணக்கு என்ற வரியைத்தான் முதலில் படிக்கவேண்டும் என்று நம் முன்னோர் பங்கு வியாபாரம் தொடங்கும்போதே எழுதி வைத்துக்கொண்டார்கள். வெஸ்டுக்கும் ஜாம்பெல்லாவுக்கும் வக்கீல் இல்லாமல் இல்லை. படித்தேதான் போட்டிருப்பார்கள், நம்மை எப்படி நீக்குவார்கள் என்ற தைரியம் இருந்திருக்கும்.

2009 நவம்பர் 10ஆம் தேதி ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ வெளியானது. நள்ளிரவில் கடை திறந்து விற்றார்கள்; வாசலில் வரிசை நின்றது. முதல் நாளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டும் 47 லட்சம் பிரதிகள், வரவு சுமார் 31 கோடி டாலர். ஐந்து நாளில் உலகம் முழுவதும் 55 கோடி. ஜனவரி பிறந்ததும் நூறு கோடியைத் தாண்டியது. அதுவரை எந்தச் சினிமாவும் பார்க்காத தொடக்க வசூல் என்று பத்திரிகைகள் எழுதின. சில்லறைக் கடைக்காரர்கள் அந்த வாரத்தை வருடக் கணக்கில் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ராயல்டி கொடுக்கவேண்டிய நேரம் வந்தது. 2010 மார்ச் 1ஆம் தேதி, பணம் கைக்கு வரச் சில வாரங்களே இருந்தபோது, இருவரையும் ஆக்டிவிஷன் வேலை நீக்கம் செய்தது. ஒப்பந்த மீறல், கீழ்ப்படியாமை என்பது காரணம். ஸ்டூடியோ வாசலில் பாதுகாவலர்கள் வந்து நின்றார்கள் என்று செய்தி. இரண்டு நாளில் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஆரம்பத்தில் கேட்ட தொகை 3 கோடியே 60 லட்சம் டாலர்.

ஆக்டிவிஷனின் பதிலையும் நாம் பார்க்கவேண்டும். ஒருதலைப்பட்சமாகப் பேசினால் நாட்டாமைக்கு அழகில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும்போதே இவர்கள் போட்டிக் கம்பெனியான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் தலைமையைத் தனி விமானத்தில் போய்ச் சந்தித்தார்கள், தனியே கடை போடத் திட்டம் போட்டார்கள், ஸ்டூடியோ ஆட்களைக் கம்பெனிக்கு எதிராகத் திருப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2010 டிசம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸையும் வழக்கில் சேர்த்து 40 கோடி டாலர் கேட்டது. சம்பளம் ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்காரரோடு பேரம் பேசியது உண்மையானால், அது நம் தராசில் நியாயமாக நிற்காது.

ஆனால் இன்னொரு விஷயம் வழக்கு விசாரணைக்கு வரும் தறுவாயில் வெளிவந்தது. 2009 கோடையில், அதாவது விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே, இருவரின் கணிப்பொறி, ஈமெயில், தொலைபேசி ஆகியவற்றில் இருந்து குற்றம் கிடைக்கிறதா என்று தேடும்படி ஆக்டிவிஷனின் தொழில்நுட்ப அதிகாரி ஒருவருக்கு மேலிடத்தில் இருந்து சொல்லப்பட்டதாம். அவரே சாட்சியத்தில் சொன்னார். பூச்சிமருந்து அடிப்பதாகவோ தீயணைப்பு ஒத்திகை என்றோ சொல்லிக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு உள்ளே போகலாமா என்று பேசினார்களாம். ஐஸ்பிரேக்கர் என்று அதற்குப் பெயர் கூட வைத்திருந்தார்கள். சரக்கு முடிந்து பெட்டிக்குள் போகும்வரை வேலை வாங்கிக்கொண்டு, பின்பக்கம் குற்றம் தேடுவது எந்த ஊர் வியாபாரம்? கணக்குப்பிள்ளை மேல் சந்தேகம் வந்தால் பேரேட்டை முன்னால் வைத்துக் கேட்பதுதான் முறை.

முப்பத்தெட்டுப் பேர்

பெரியவர்கள் சண்டையில் நமக்கு அதிகம் உறுத்தியது ஸ்டூடியோவின் மற்ற ஆட்களின் நிலைமை. 2010 ஏப்ரலில் வெஸ்டும் ஜாம்பெல்லாவும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் பணத்தோடு ரெஸ்பான் என்ற புது ஸ்டூடியோவைத் தொடங்க, பழைய இடத்தில் இருந்து டஜன் கணக்கில் ஆட்கள் விலகிப் போனார்கள். அதே மாதம் இன்பினிட்டி வார்டின் 38 ஊழியர்கள் தனியாக ஒரு வழக்குப் போட்டார்கள். மாடர்ன் வார்ஃபேர் 2க்கு வரவேண்டிய போனஸைக் கம்பெனி பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த பாகத்தைச் செய்து முடித்தால் தருகிறோம் என்கிறது என்பது அவர்கள் புகார். வேலையாள் ஓடிவிடாமல் இருக்கச் சம்பளத்தைப் பிடித்து வைப்பது நமக்குப் புதிய விஷயமல்ல. பிடித்து வைத்த பணத்துக்காக நின்றவனின் மனம் வேலையில் நிற்காது என்பதும் நமக்குத் தெரியும். பலர் போனஸை விட்டுவிட்டே வெளியேறினார்கள்.

அடுத்த பாகம் நின்றதா என்றால் நிற்கவில்லை. ஆக்டிவிஷன் ஸ்லெட்ஜ்ஹாமர் என்ற வேறொரு ஸ்டூடியோவைச் சேர்த்து 2011 நவம்பரில் ‘மாடர்ன் வார்ஃபேர் 3’ கொண்டுவந்தது. முதல் நாள் 65 லட்சம் பிரதிகள், 40 கோடி டாலர். முந்தியதைவிட அதிகம். மார்க்காவுக்கு அவ்வளவு பலம். சரக்குச் செய்தவர் போனாலும் பெட்டியின் மேல் இருக்கும் பெயர் சில வருடம் தானே விற்கும் என்பதை மசாலா, பெருங்காயம் விற்கும் நம் அங்காடிக்காரர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். எத்தனை வருடம் என்பது வேறு பேச்சு.

வழக்கு 2012 மே மாதம் ஜூரி முன் வருவதாக இருந்தது. அதற்குள் இரண்டு தரப்பும் கேட்ட தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. முதலில் இரு பதிப்பாளர்களும் தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள். பிறகு ஆக்டிவிஷன் ஊழியர் குழுவுக்கு 4 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. மே 31ஆம் தேதி வெஸ்ட், ஜாம்பெல்லாவுடனும் சமரசம். எவ்வளவு கொடுத்தார்கள் என்று வெளியே சொல்லவில்லை. 2010இல் கொடுத்திருக்கவேண்டிய பணத்தை இரண்டு வருட வக்கீல் செலவோடு கொடுத்தார்கள் என்றுதான் நாம் கணக்கு எழுதுவோம்.

இந்த ஒரு கம்பெனியை மட்டும் குறை சொல்வதாக எண்ணவேண்டாம். 2010 அக்டோபரில் பெதஸ்டா என்ற பதிப்பாளருக்கு ஆப்சிடியன் என்ற ஸ்டூடியோ ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ செய்து கொடுத்தது. அவர்களுக்கு ராயல்டி இல்லை, ஒரே தொகைதான். பத்திரிகை விமர்சனங்களைக் கூட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிடிக்கில் 85 மார்க் வந்தால் போனஸ் என்று பேச்சு. வந்தது 84. ஒரு மார்க்கில் போனஸ் போயிற்று! 2012இல் ஆப்சிடியனின் கிறிஸ் அவெலோன் சொல்லித்தான் இது வெளியே தெரிந்தது. இத்தனைக்கும் விளையாட்டு நன்றாக விற்றது. சரக்கை வாங்கியவர் திருப்தியா என்று பார்க்காமல் மூன்றாம் மனிதர் போடும் மார்க்கில் கூலியைக் கட்டி வைத்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் கையெழுத்துப் போட்டவரும் அதற்குச் சம்மதித்தவர்தானே என்று கேட்டால் பதில் இல்லை.

கொரியாவின் கிராஃப்டன் 2021இல் அன்னோன் வேர்ல்ட்ஸ் என்ற அமெரிக்க ஸ்டூடியோவை 50 கோடி டாலருக்கு வாங்கி, இலக்கை எட்டினால் மேலும் 25 கோடி வரை தருவதாக எழுதிக் கொடுத்தது. ‘சப்னாட்டிகா 2’ வெளிவருவதற்கு முன், 2025 ஜூலையில் ஸ்டூடியோவின் தலைவர்கள் மூவரை நீக்கியது. அவர்கள் டெலவேர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பதினைந்து வருட இடைவெளியில் அதே கதைதான்: கொடுக்கவேண்டிய தொகை பெரிது, கொடுக்கும் நாள் பக்கத்தில், ஆள் வெளியே.

ஆக்டிவிஷன் கதையில் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறோம். ஜேசன் வெஸ்ட் 2013இல் ரெஸ்பானில் இருந்தும் விலகிவிட்டார். ஜாம்பெல்லா நின்றார். 2014இல் ‘டைட்டன்ஃபால்’ கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை மார்க்காவைப் பதிப்பாளருக்கு விற்றுவிடாமல் பதிப்பு உரிமையை மட்டும் கொடுத்தார்கள். 2017இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ரெஸ்பானையே விலைக்கு வாங்கியது. ரொக்கமாக 15 கோடியே 10 லட்சம் டாலர். மீதி கம்பெனிப் பங்காகவும், இலக்கை எட்டினால் தருவதாகவும். எல்லாம் சேர்த்தால் 45 கோடியே 50 லட்சம் வரை. 2003இல் விற்றதைவிட நல்ல விலை, நல்ல கணக்கு. 2019இல் அவர்களின் ‘ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ்’ பெரிதாக ஓடியது. ஜாம்பெல்லா 2025 டிசம்பரில் ஒரு கார் விபத்தில் காலமானார். ஆக்டிவிஷனை 2023 அக்டோபரில் மைக்ரோசாப்ட் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ஆண்டுக் கடைசியில் கோட்டிக் பதவி விலகினார். கால் ஆஃப் டூட்டியில் முதல் பங்கைப் போட்டவரும் செய்தவர்களும் இன்று அங்கே இல்லை. வருடத்துக்கு ஒரு பாகம் வந்துகொண்டுதான் இருக்கிறது.